முதியோர் பாதுகாப்புச் சங்கத்தின் பொறுப்புக்கு வருகிறீர்களா? ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நம் கடற்கரை ஊர்களில் வீட்டுக்குள்ளேயே அடி வாங்கும், பட்டினி கிடக்கும், பணத்தைப் பறிகொடுக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக யாரோ ஒரு நல்ல மனிதர் ஒரு சங்கம் ஆரம்பித்திருப்பார். அவருக்கு உடம்பு முடியாமல் போனதும் பொதுக்குழுவில் எல்லார் கண்ணும் உங்கள் பக்கம் திரும்பும். நீங்களும் சரி என்று தலையாட்டிவிடுவீர்கள். மறுநாள் காலையில் எதிலிருந்து தொடங்குவது என்று சொல்லித்தர ஆள் இருக்காது. செயலாளர் பொறுப்பு எனக்கும் இப்படித்தான் வந்தது. அலுவலகம் அலுவலகமாக அலைந்து தெரிந்துகொண்டதை, உங்களுக்கு அந்த அலைச்சல் குறையட்டும் என்று எழுதுகிறேன்.

பொறுப்பேற்ற உடனே வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களைப் பார்க்கத்தான் மனம் சொல்லும். கொஞ்சம் பொறுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007 என்று ஒன்று இருக்கிறது. பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்டுத் தீர்ப்பாயத்தில் தானே மனுப்போட முடியாத பெரியவருக்காக, அவர் அதிகாரம் கொடுத்த ஓர் அமைப்பு மனுப்போடலாம் என்று அதன் 5-வது பிரிவு சொல்கிறது. அமைப்பு என்றால் பதிவு பெற்ற தன்னார்வ அமைப்பு என்றும் அங்கேயே விளக்கம் இருக்கிறது. விசாரணை நாளில் மகன் தரப்பு கேட்கும் முதல் கேள்வியே "இவங்க யாரு, எங்க குடும்ப விஷயத்துல?" என்பதுதான். அப்போது உங்கள் சங்கத்தின் பதிவும், அதில் உங்கள் பெயரும் சரியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பெரியவர் வெறுங்கையோடு வீடு திரும்புவார். அதனால்தான் தாள் வேலையை முதலில் வைக்கிறேன்.

1. பழைய நிர்வாகத்திடமிருந்து தாள்களை வாங்குங்கள்

சால்வை போடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். பதிவுச் சான்றிதழ், சங்கத்தின் துணைவிதி, தீர்மானப் புத்தகம், உறுப்பினர் பதிவேடு, வங்கிப் பாஸ்புக், காசோலைப் புத்தகம், சங்கத்தின் பான் அட்டை, வருமான வரி விலக்குப் பதிவு ஆணைகள், கடைசி மூன்று வருடத் தணிக்கை அறிக்கை, ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டை, இதுவரை எடுத்த வழக்குகளின் கோப்பு. எல்லாவற்றுக்கும் ஒப்படைப்புப் பட்டியல் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். இல்லாத தாளுக்கு நேரே "இல்லை" என்று எழுதச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. நாளைக்கு அந்தத் தாளைக் கேட்டு வருபவர்கள் உங்களிடம்தான் வருவார்கள்.

உங்களுடையது சங்கமா, அறக்கட்டளையா என்பதையும் சான்றிதழைப் பார்த்தே உறுதிசெய்துகொள்ளுங்கள். பெயர்ப்பலகையில் அறக்கட்டளை என்று இருக்கும், பதிவு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் இருக்கும். இரண்டுக்கும் வழி வேறு. சங்கம் என்றால் எல்லாம் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தோடு. அறக்கட்டளை என்றால் அதன் பத்திரத்தில் அறங்காவலர் மாற்றத்துக்கு என்ன வழி எழுதியிருக்கிறதோ அதுதான் வழி. தேவைப்பட்டால் துணைப் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டியிருக்கும். நான் கீழே சொல்வது சங்கத்துக்கு.

இந்தக் கட்டத்தில் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. சங்கங்கள் ஒவ்வொரு வருடமும் உறுப்பினர் பட்டியலையும் கணக்கையும் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். பல சங்கங்கள் பதிவு செய்ததோடு சரி, பிறகு அந்தப் பக்கமே போவதில்லை. ஒப்புகைச் சீட்டுகளை வருடவாரியாக அடுக்கிப் பாருங்கள். இடைவெளி இருந்தால் தாமதத்துக்குக் காரணம் எழுதி, அதற்கான கட்டணம் கட்டி, விட்டுப்போன வருடங்களை முடித்த பிறகுதான் உங்கள் பெயர் ஏறும். இதற்குச் சில மாதங்கள் பிடிக்கலாம். அந்தச் செலவு சங்கத்தினுடையது. உங்கள் கையிலிருந்து கொடுத்தால் கடனாகக் கணக்கில் எழுதிவிடுங்கள்.

2. உங்களைத் தேர்ந்தெடுத்த கூட்டம் செல்லுமா என்று பாருங்கள்

நான்கு பேர் டீ குடித்துக்கொண்டே "நீங்களே இருங்க" என்று சொன்னது தேர்தல் ஆகாது. துணைவிதியில் எத்தனை நாள் முன்னறிவிப்பு, எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும் என்று இருக்கும். எங்கள் துணைவிதியில் 21 நாள். அறிவிப்பை எழுத்தில் அனுப்பி, அனுப்பியதற்கான அத்தாட்சியை வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் மட்டும் போட்டால் "எனக்கு வரலையே" என்று ஒருவர் சொன்னால் போதும், எல்லாம் முதலிலிருந்து.

தீர்மானத்தில் மூன்று விஷயம் தனித்தனியாக எழுதப்பட வேண்டும். புதிய நிர்வாகிகள் யார் யார், வங்கியில் யார் கையெழுத்து, முதியோர் சார்பில் தீர்ப்பாயத்திலும் அலுவலகங்களிலும் மனுப்போட யாருக்கு அதிகாரம். மூன்றாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். நம் மாதிரிச் சங்கத்துக்கு அதுதான் உயிர்.

நிர்வாகிகள் மாறியதைப் படிவம் 7-இல் 3 மாதத்துக்குள் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். கடைசி வாரம்வரை வைத்திருக்காதீர்கள். கையெழுத்து ஒன்று குறைந்தாலும் திருப்பி அனுப்புவார்கள். நிர்வாகக் குழுவின் காலம் 3 வருடத்துக்கு மேல் போகக்கூடாது என்பதால் அடுத்த தேர்தல் தேதியையும் இப்போதே நாட்குறிப்பில் எழுதிவிடுங்கள்.

சங்கத்தில் இரண்டு அணி இருந்து இரண்டு பேரும் படிவம் 7 கொடுத்தால், யார் உண்மையான செயலாளர் என்று பதிவாளர் தீர்ப்பு சொல்ல மாட்டார். உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிடுவார். வருடக்கணக்கில் இழுக்கும். அப்படி ஒரு வாடை அடித்தால் பொறுப்பை ஏற்காமல் இருப்பதே நல்லது என்பது என் அபிப்பிராயம்.

3. வங்கி, வருமான வரி, தர்பன்: எல்லாம் ஒரு மொபைல் எண்ணில் தொங்கும்

இந்த மூன்றிலும் சிக்கல் ஒரே இடத்தில்தான் வரும். பழைய செயலாளரின் மொபைல் எண்ணுக்கும் மின்னஞ்சலுக்கும் கடவு எண் (ஓடிபி) போகும். அவர் வெளியூரில் மகள் வீட்டில் இருப்பார், அல்லது அந்த சிம்மே இப்போது இருக்காது. ஆகவே அவர் நலமாக, பக்கத்தில் இருக்கும்போதே ஒருநாள் அவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். சங்கத்துக்கென்று தனியாக ஒரு சிம், ஒரு மின்னஞ்சல். அது எந்தத் தனி ஆளுக்கும் சொந்தமாக இருக்கக் கூடாது.

வங்கியில் தீர்மான நகல், பதிவாளரிடம் தாக்கல் செய்த படிவம் 7-இன் நகல், புதியவர்களின் ஆதார், பான், புகைப்படம் கேட்பார்கள். சில கிளைகளில் பழையவர்கள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பார்கள். காசோலைக்கு இரண்டு பேர் கையெழுத்து என்பதை எக்காரணம் கொண்டும் ஒருவராகக் குறைக்காதீர்கள். அந்த இரண்டு பேரும் ஒரே வீட்டுக்காரர்களாகவும் இருக்க வேண்டாம்.

வருமான வரி இணையதளத்தில் முதன்மை நபரின் விவரத்தை மாற்ற வேண்டும். அதற்குப் புதியவரின் டிஜிட்டல் கையொப்பம் தேவைப்படலாம். ஆடிட்டரிடம் சொன்னால் வாங்கித் தருவார். 12ஏ (சங்கத்துக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரி விலக்கு) என்று நாம் சொல்லும் பதிவுகளுக்கு அரசுக் கட்டணம் கிடையாது, ஆடிட்டர் கூலி மட்டும்தான். ஆணையில் உள்ள முடிவுத் தேதியைக் கட்டாயம் பாருங்கள். தற்காலிகப் பதிவு 3 வருடத்துக்குத்தான். அது முடிவதற்கு ஆறு மாதம் முன்பே வழக்கமான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தேதி தவறினால் நன்கொடை தருபவருக்கு வரி விலக்கு கிடைக்காது, சங்கத்துக்கும் வரிச்சுமை வரும். இன்னொன்று, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அவருக்கு 80ஜி விலக்கு கிடையாது. வாங்கும்போதே சொல்லிவிடுங்கள், பின்னால் மனத்தாங்கல் வராது.

தர்பன் என்பது தன்னார்வ அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் இணையதளம். அதில் பதிவு இலவசம். அதற்கு ஐந்தாயிரம், பத்தாயிரம் என்று கேட்கும் ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். கொடுக்காதீர்கள்.

4. வெளிநாட்டிலிருந்து வரும் பணம்

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கம் இருக்கும் சங்கங்களுக்கு இது தனியாகத் தெரிந்திருக்க வேண்டும். துபாயில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பையன் இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகாது. தாராளமாக வாங்கலாம். அவருடைய பாஸ்போர்ட் நகலைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அதே ஊர்க்காரர் சிங்கப்பூர் குடியுரிமையோ மலேசியக் குடியுரிமையோ வாங்கியிருந்தால் கதை வேறு. அவர் ஊருக்கு வந்து ரூபாயாகக் கையில் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு இல்லாமல் அதை வாங்கினால் குற்றம். "நம்ம மாமா தானே" என்பது அங்கே செல்லாது.

உங்கள் சங்கத்துக்கு ஏற்கெனவே அந்தப் பதிவு இருந்தால், நிர்வாகிகள் மாறியதை மத்திய உள்துறையின் இணையதளத்தில் 45 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். அதற்கான படிவம் எஃப்சி-6இ.

5. வீட்டுக்குப் போகும் முன் எல்லை போட்டுக்கொள்ளுங்கள்

தாள் வேலை ஓரளவு முடிந்ததா? இனி உண்மையான வேலை. முதல் செயற்குழுக் கூட்டத்திலேயே சில விதிகளைத் தீர்மானமாக எழுதிவிடுங்கள்.

பெரியவரின் ஏடிஎம் கார்டையோ பாஸ்புக்கையோ நகையையோ சங்கத்து ஆள் யாரும் ஒருநாள்கூடத் தன்னிடம் வைத்திருக்கக் கூடாது. "உங்ககிட்டயே இருக்கட்டும் தம்பி, அவன் புடுங்கிருவான்" என்று கெஞ்சுவார்கள். மனம் இளகும். ஆனாலும் வாங்காதீர்கள். அவரையே வங்கிக்கு அழைத்துப் போய்ப் பழைய கார்டை முடக்கிப் புதியது வாங்கிக் கொடுங்கள், மொபைல் எண்ணை மாற்றிக் கொடுங்கள். அதுதான் சரியான உதவி.

தனி ஆளாகப் போகக் கூடாது. இரண்டு பேர், அதில் ஒருவர் பெண். வீட்டில் உள்ளவர்களோடு வாக்குவாதம் கூடாது. நாம் சண்டை போட்டுவிட்டுப் பஸ் ஏறிவிடுவோம், ராத்திரி அந்த வீட்டில் படுக்கப் போவது அவர்தான். புகைப்படம் எடுத்துக் குழுவில் போடவே கூடாது. நன்கொடையாளர் கேட்டாலும் கூடாது. பெரியவர் தலையில் சால்வையோடும் உங்கள் கையில் அரிசிப் பையோடும் இருக்கும் படத்தை அவருடைய சம்பந்தி வீட்டில் பார்ப்பார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

எப்போது போவது என்பதும் முக்கியம். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போகும். நாட்டுப்படகுகளுக்கு மற்ற நாட்கள். மகன் விசைப்படகில் போகிறவர் என்றால் அந்த நாட்களின் மதியப் பொழுதில் போங்கள். வீடு அமைதியாக இருக்கும், அப்பத்தா வாய் திறந்து பேசுவார். கரையில் எல்லாரும் இருக்கும் நாளில் போனால் "எம்மவன் தங்கம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. தெற்குப் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகும் ஊர்களில் வயதான பெண்களே இன்னும் கடலில் இறங்குகிறார்கள். அவர்கள் எப்போது கரை திரும்புவார்கள் என்று ஊரில் கேட்டுக்கொண்டு போங்கள்.

என்ன பார்க்க வேண்டும்? பாஸ்புக்கைப் பாருங்கள். நான் முதலில் கேட்பது அதைத்தான். பிளாஸ்டிக் உறையில் ரப்பர் பேண்டு சுற்றி, ரேஷன் கார்டோடு சேர்த்து, இடுப்புப் பையிலோ அரிசிப் பானையிலோ இருக்கும். அதைத் தன் கையால் எடுத்துத் தருகிறாரா, "மருமகட்ட இருக்கு" என்கிறாரா என்பதே பாதி விஷயம். பிறகு பக்கத்தைப் புரட்டினால் முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய் வரவு, அன்றைக்கோ மறுநாளோ முழுத் தொகையும் பற்று, மாதா மாதம் அப்படியே. "இந்தக் காசுல என்ன வாங்குனீங்க அப்பத்தா?" என்று கேட்டுப் பாருங்கள். வெற்றிலைக்கும் பேத்தியைத்தான் கேட்க வேண்டும் என்பார். விரல் ரேகை வைத்துப் பணம் எடுக்கிற இடங்களில், கைபிடித்து அழைத்துப் போய் ரேகை வாங்கிப் பணத்தை வேறு யாரோ வாங்கிக்கொள்வதும் உண்டு. படுக்கை எங்கே போட்டிருக்கிறது, மாத்திரை அட்டையில் எத்தனை காலியாகியிருக்கிறது, மேல் கையில் கன்றிய தழும்பு உண்டா என்பதையும் கவனியுங்கள். உடனடி ஆபத்து என்றால் 112. ஆலோசனைக்கும் வழிகாட்டலுக்கும் முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை, கட்டணம் இல்லை. அடிபட்டிருந்தால் முதலில் அரசு மருத்துவமனை. அங்கே எப்படிக் காயம் பட்டது என்று சொல்லிப் பதியவைத்து, ஏ.ஆர். காப்பிக்கும் (விபத்துப் பதிவேட்டின் நகல்) எழுதிக் கொடுங்கள். பின்னால் அதைவிடப் பலமான சாட்சி கிடையாது.

என்ன செய்யலாம் என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அந்தப் பெரியவர். பெரும்பாலானவர்களுக்கு மகன்மேல் மனுப்போட விருப்பம் இருக்காது. சோறு ஒழுங்காகப் போட்டால் போதும், திட்டாமல் இருந்தால் போதும் என்பார்கள். அதையே நம் வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள். அவர் சம்மதமில்லாமல் மனுப்போட்டுப் பெயர் வாங்கும் சங்கம் அவருக்கு இன்னொரு கொடுமையைத்தான் செய்கிறது.

6. தீர்ப்பாயத்தில் மனு: எங்கே, எப்படி

பராமரிப்புத் தீர்ப்பாயம் கோட்ட அளவில் இருக்கிறது, கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் தலைமையில். நம் மாவட்டத்தில் இரண்டு கோட்டம், ராமநாதபுரமும் பரமக்குடியும். ராமேஸ்வரம், கீழக்கரை, திருவாடானை வட்டங்கள் ராமநாதபுரத்தில் வரும். கடலாடி வட்டம் பரமக்குடியில். அதனால் சாயல்குடி, மூக்கையூர், வாலிநோக்கம் கரையில் இருப்பவர்கள் கடற்கரைக்காரர்களாக இருந்தாலும் பரமக்குடிக்குத்தான் போக வேண்டும். வயதானவரைக் கூட்டிக்கொண்டு ராமநாதபுரம் போய்த் திரும்பி வந்தால் அடுத்த முறை அவர் வர மாட்டார்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுப்பது நம் ஊர்ப் பழக்கம். அங்கே கொடுத்தாலும் கடைசியில் கோட்டத்துக்குத்தான் அனுப்புவார்கள், இடையில் நாட்கள் போய்விடும். நேரே கோட்ட அலுவலகத்தில், சட்டத்தின் பெயரையும் 5-வது பிரிவையும் தலைப்பிலேயே எழுதிக் கொடுத்து, ஒரு நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள்.

மனுவோடு வைக்க வேண்டியவை: பெரியவரின் ஆதார், வயதுக்கு ஆதாரம், குடும்ப அட்டை, பிள்ளைகள் எல்லாருடைய பெயரும் சரியான முகவரியும், உறவைக் காட்டும் ஏதாவது ஒரு தாள், மாதச் செலவுக் கணக்கு, மருந்துச் சீட்டுகள், சொத்து இருந்தால் அதன் நகல். சங்கம் போடும் மனு என்றால் பெரியவர் உங்களுக்கு அதிகாரம் கொடுத்த கடிதம், அதில் கையெழுத்து அல்லது கைரேகை, இரண்டு சாட்சிகள், சங்கப் பதிவுச் சான்று, தீர்மான நகல். எதிர்மனுதாரர் ஒவ்வொருவருக்கும் ஒரு செட், தீர்ப்பாயத்துக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. செலவு ஜெராக்ஸும் பஸ் காசும்தான். இந்தச் சட்டத்தில் வக்கீல் ஆஜராக முடியாது என்று 17-வது பிரிவு இருக்கிறது. "வக்கீல் வச்சாத்தான் நடக்கும்" என்று யாராவது பணம் கேட்டால் ஒதுங்கிவிடுங்கள். பெரியவர் விரும்பினால் அவருக்காகப் பேச மாவட்டச் சமூக நல அலுவலர் பராமரிப்பு அலுவலராக வரலாம். மனுப்போடும் முன்னரே அவரைப் போய்ப் பார்த்து அறிமுகமாகிக்கொள்வது நல்லது.

சில நுணுக்கங்கள். மகன், மகள், பேரன், பேத்தி எல்லாரும் பொறுப்பாளிகள்தான், மைனரைத் தவிர. மகளை விட்டுவிட்டு மகன்மேல் மட்டும் போட்டால் அவர் மகளையும் சேர்க்கச் சொல்லி இழுப்பார். மருமகள் இந்தச் சட்டத்தின் பிள்ளைகள் விளக்கத்தில் வரவில்லை. கொடுமை மருமகள் பக்கமிருந்து வந்து, பாதிக்கப்பட்டவர் பெண்ணாக இருந்தால் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் பொருத்தமாக இருக்கும். அதற்குப் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். பெற்றோருக்கு 60 வயது ஆகியிருக்க வேண்டும் என்றில்லை. பிள்ளை இல்லாத மூத்த குடிமக்கள், தங்கள் சொத்தை அனுபவிக்கும் அல்லது பின்னால் அடையப்போகும் உறவினரிடம் பராமரிப்புக் கேட்கலாம். மகன் வெளிநாட்டில் இருந்தால் அறிவிப்பு அவர் கைக்குப் போய்ச் சேர்வதற்கே காலமாகும். ஊரில் இருக்கும் பிள்ளைகளையும் சேர்த்துப் போடுங்கள், இடைக்காலத் தொகையும் சேர்த்துக் கேளுங்கள்.

எதிர்தரப்புக்கு அறிவிப்பு போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் முடிக்க வேண்டும், தவிர்க்க முடியாத நிலையில் இன்னும் 30 நாள் என்பது சட்டம். நடப்பில் தாமதமாகும். ஒவ்வொரு வாய்தாவிலும் அடுத்த தேதியை எழுத்தில் வாங்குங்கள். மாதத் தொகைக்கு உச்சவரம்பு 10,000 ரூபாய். உத்தரவு வந்த 30 நாளுக்குள் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் வாரண்டு, ஒரு மாதம்வரை சிறை என்று 5(8)-வது பிரிவு இருக்கிறது. உத்தரவில் குறை இருந்தால் 60 நாளுக்குள் மேல்முறையீடு. உத்தரவு நகல் கைக்கு வந்த தேதியை உறையின்மேலேயே எழுதி வையுங்கள்.

7. வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டாரா?

நம்மிடம் வரும் கேஸ்களில் மனதை அதிகம் வதைப்பவை இவைதான். "கையெழுத்துப் போடும்மா, லோன் வாங்கணும்" என்று சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய்த் தான செட்டில்மென்ட் (சொத்தைப் பணம் வாங்காமல் எழுதிக் கொடுக்கும் பத்திரம்) எழுதி வாங்கிவிட்டிருப்பார்கள். அம்மாவுக்கு என்ன பத்திரம் என்றே தெரியாது. பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண் கொடுத்து வில்லங்கத்தைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். எந்தப் பெரியவர் வந்தாலும் முதல் வாரத்திலேயே இதைப் பார்த்துவிடுங்கள். செட்டில்மென்ட் இருந்தால் சான்றிட்ட நகல் வாங்கி, "ஆயுள்வரை பராமரிக்க வேண்டும்" என்ற வாசகம் இருக்கிறதா என்று வரி வரியாகப் படியுங்கள்.

23-வது பிரிவின்படி, சட்டம் வந்த பிறகு எழுதப்பட்ட, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை உள்ள பத்திரத்தை, பராமரிக்காவிட்டால் தீர்ப்பாயம் செல்லாது என்று அறிவிக்கலாம். நிபந்தனை இருப்பதைக் காட்டியாக வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில் அதே நீதிமன்றம், இந்தச் சட்டத்தை முதியவருக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றும், தேவைப்பட்டால் தீர்ப்பாயம் சொத்தின் சுவாதீனத்தையே திருப்பிக் கொடுக்க உத்தரவிடலாம் என்றும் சொல்லியிருக்கிறது. பத்திரத்தில் வாசகம் இல்லாவிட்டாலும், அதே நாளில் எழுதிய உறுதிமொழிக் கடிதமோ வேறு தாளோ இருக்கிறதா என்று தேடுங்கள். தீட்சித் வழக்கில் அப்படி ஒரு தாளும் கைகொடுத்தது. சிக்கலான பத்திரம் என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச ஆலோசனை கேளுங்கள், எண் 15100.

இன்னும் எழுதிக் கொடுக்காதவர்களுக்குச் சொல்லுங்கள்: எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் பராமரிப்பு நிபந்தனையும், தன் ஆயுள்வரை வீட்டில் குடியிருக்கும் உரிமையும் பத்திரத்திலேயே இருக்கட்டும். உயில் என்றால் மனம் மாறினால் மாற்றிக்கொள்ளலாம்.

8. ராமேஸ்வரத்தில் விட்டுவிட்டுப் போனவர்கள்

தீர்த்தமாட என்று கூட்டிவந்து அக்னி தீர்த்தக் கரையிலோ ரயில் நிலையத்திலோ விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். தமிழே தெரியாத பெரியவர்களும் இதில் உண்டு. நீங்களே ஆட்டோவில் ஏற்றி ஏதாவது ஓர் இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்க்காதீர்கள். முதலில் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் எழுத்தில் தகவல் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கைவிடுவது 24-வது பிரிவின்படி குற்றம், 3 மாதம்வரை சிறை அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம் அல்லது இரண்டும். காவல்துறை நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் அது. பராமரிப்பு மனுவை அவர் இப்போது இருக்கும் ஊர், கடைசியாகக் குடியிருந்த ஊர், பிள்ளைகள் இருக்கும் ஊர், இதில் எங்கு வேண்டுமானாலும் போடலாம். வேட்டி முடிச்சிலோ பையிலோ இருக்கும் துண்டுச் சீட்டு, பழைய பஸ் டிக்கெட், மாத்திரை உறையில் உள்ள மருந்துக்கடை முகவரி எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஊரைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் அதில்தான்.

9. ஊர்ப் பெரியவர்களோடு எப்படி

தங்கச்சிமடத்தில் பங்குத்தந்தை, கீழக்கரையில் ஜமாத், மற்ற மீனவக் கிராமங்களில் ஊர்த்தலைவர். இவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் பல வீடுகளில் மறுநாளே சோறு கிடைக்கும். அதனால் பொறுப்பேற்ற உடனே எல்லாரையும் போய்ப் பாருங்கள். ஆனால் குறிப்பிட்ட ஒரு பெரியவரின் விஷயத்தை அவர் சம்மதம் இல்லாமல் அங்கே வாயெடுக்காதீர்கள். மகனும் அதே ஜமாத்தில், அதே சங்கத்தில் இருப்பவர்தான். ஊர்க்கூட்டத்தில் சமரசம் பேசினால் அதைத் தாளில் எழுதி, மாதம் எவ்வளவு, எந்தத் தேதியில், எந்தக் கணக்கில் என்று போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். "இனிமே நல்லாப் பாத்துக்குவான்" என்பது மூன்று வாரம்தான் தாங்கும்.

சட்டமே ஒரு வாய்ப்பும் தருகிறது. தீர்ப்பாயம் மனுவை விசாரிக்கும் முன் சமரச அலுவலருக்கு அனுப்பலாம், அவர் ஒரு மாதத்துக்குள் முடித்துச் சொல்ல வேண்டும். பதிவு பெற்ற அமைப்பின் பிரதிநிதியும் சமரச அலுவலராக இருக்கலாம் என்று 6-வது பிரிவு சொல்கிறது. உங்கள் சங்கத்தில் பொறுமையும் நியாயமும் உள்ள ஒருவரின் பெயரைக் கோட்ட அலுவலகத்துக்கு எழுதிக் கொடுங்கள். அவர் சமரசம் பேசும் வழக்கில் சங்கம் மனுதாரராக இருக்கக் கூடாது, அது முறையல்ல.

10. எந்த மாதம் என்ன வேலை

ஜூன் 15 உலக முதியோர் கொடுமை விழிப்புணர்வு நாள். மாவட்டம் முழுக்க அன்றைக்கு உறுதிமொழியும் கூட்டமும் நடக்கும். நம் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. 15-ஆம் தேதி எல்லாரும் ஐஸ், டீசல், வலை என்று ஓடிக்கொண்டிருப்பார்கள், கூட்டத்துக்கு யாரும் வர மாட்டார்கள். மே மாதத்திலேயே ஊர் ஊராகக் கூட்டம் போட்டுவிடுங்கள். ஆண்கள் கரையில் இருப்பார்கள், கையில் காசு இல்லாத காலம் என்பதால் வீட்டில் சண்டையும் பெரியவர்மேல் கோபமும் அதிகமாகும் நேரமும் அதுதான். தடைக்காலத்தில் பெரியவர்களைப் பார்ப்பதை இரட்டிப்பாக்குங்கள். மகன் வீட்டிலேயே இருப்பான் என்பதால் கோயில், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி வரிசை என்று வெளியில் வைத்துப் பேசுங்கள்.

ஏப்ரல், மே இரண்டிலும் ஆடிட்டரிடம் கணக்கு. நன்கொடையாளர் பட்டியலை வருமான வரித்துறைக்கு மே 31-க்குள் கொடுத்தால்தான் அவர்களுக்கு 80ஜி சான்று கிடைக்கும். தணிக்கை அறிக்கைக்குச் செப்டம்பர் 30, வருமான வரிக் கணக்குக்கு அக்டோபர் 31. பொதுக்குழுவை மழைக்கு முன்னால், அதாவது அக்டோபர் தொடங்கும் முன் முடித்துவிடுங்கள். நவம்பரில் புயல் எச்சரிக்கை வந்தால் தீவுப் பக்கத்து உறுப்பினர்கள் வர முடியாது, கூட்டம் செல்லத் தேவையான ஆள் (கோரம்) சேராது. மழைக்காலத்துக்கு முன் இன்னொரு வேலையும் இருக்கிறது. தனியாக, கடலை ஒட்டிய ஓலைவீட்டில் இருக்கும் பெரியவர்களின் பெயர்ப் பட்டியலை எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் காவல் நிலையத்திலும் ஒரு நகல் கொடுத்து வையுங்கள். அதிலும் அவர்கள் சம்மதம் கேட்டே பெயரைச் சேருங்கள்.